வண்டியில் குறை இல்லை

கோவை கணபதியில் இருக்கும் என் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆனாலும் காலை பத்து மணிக்கு ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிடுவேன். பழைய வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே வருவார்கள். கல்லூரி வாத்தியார் எஸ்டியில் வருவார். ரேடியோ அண்ணன் லாம்பிரெட்டாவில் வருவார். ஓய்வு பெற்ற மில் எலெக்ட்ரீஷியன் அவர். வார நாளெல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு, ஞாயிறு மட்டும் வால்வு ரேடியோக்களுக்கு. லாரிக்காரர் தன் அப்பா வாங்கிய ராஜ்தூத்தில் வருவார். என்னுடையது 1971ஆம் வருடத்து புல்லட். அம்பாசடர் கார் ஒன்றிலிருந்து கழற்றிய பின்சீட்டுதான் எங்களுக்கு சோபா. டீ வரும், பேச்சு ஆரம்பிக்கும், மதியம் இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து போன் வந்தால்தான் முடியும்.

வார நாளில் நான் பார்ப்பதெல்லாம் பிழைப்புக்கு ஓடும் வண்டிகள். டிராவல்ஸ் வேன், டாக்ஸி, பள்ளிக்கூட வேன். ஒரு நாள் வண்டி நின்றால் ஓனருக்கு ஒரு நாள் வருமானம் போகும், அதனால் எல்லாமே அவசரம். ஞாயிற்றுக்கிழமை வண்டிகளுக்கு அந்த அவசரம் கிடையாது. ஒரு கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம்.

பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வது பலசாலியின் வேலை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு ஆம்பியர் மீட்டர் இருக்கும். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் முள் இடது பக்கம் சாயும். பாயிண்ட் திறக்கிற இடம் வந்ததும் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டிகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை இன்னும் ஒரு பொடி நகர்த்தி, டிகம்ப்ரஸரை விட்டு, கிக்கர் மேலே வந்ததும் முழுசாக ஒரே மிதி. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரிந்து மிதித்தால் ஒல்லிப் பையன்கூட ஸ்டார்ட் செய்துவிடுவான். தெரியாமல் மிதித்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதிலிருந்து எத்தனையோ தலைமுறை இந்த முள்ளைப் பார்த்துத்தான் மிதித்திருக்கிறது. 70 மில்லி போர், 90 மில்லி ஸ்ட்ரோக், 346 சிசி. அந்தக் கணக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் மாறவே இல்லை.

2021இல் 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது இரண்டு ஞாயிறு அதைப் பற்றியே பேசினோம். வாத்தியார் விதியை வரி வரியாகப் படித்துக் காட்டினார். அந்தப் பதிவு வாங்கினால் கண்காட்சி, ராலி மாதிரியான காரியங்களுக்குத்தான் வண்டியை எடுக்கலாம், அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. என் புல்லட்டுக்கு அந்த வருடம் 50 முடிந்திருந்தது. நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஓடாத வண்டி எனக்கு எதற்கு?

இந்தப் பேச்சுகளுக்கு நடுவே லாரிக்காரர் தூங்கிவிடுவார்.

சும்மா கண் அசருவது இல்லை. கையில் டீ கிளாஸ் இருக்கும், வாயில் பாதிச் சொல் இருக்கும், அப்படியே தலை சாயும். கிளாஸை யாராவது வாங்கி வைப்போம். ஐந்து நிமிடத்தில் குறட்டை ஷட்டரைத் தாண்டித் தெருவுக்குக் கேட்கும். "கும்பகர்ணன் படுத்துட்டாரு" என்று நாங்கள் சிரிப்போம். ராத்திரி லாரி ஓட்டுகிறவர், பாவம், பகலில் தூங்கட்டும் என்று விட்டுவிடுவோம். அப்படி எட்டு வருடம் சிரித்திருக்கிறோம். இன்றைக்கு நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

என் வாழ்க்கையே சத்தம் கேட்பதில்தான் போயிருக்கிறது. 1981இல், பதினாலு வயதில், பட்டறையில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் ஸ்பேனர் கழுவும் வேலை. அதற்கப்புறம் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக் கொடுத்தார். முனையை ஓடுகிற இன்ஜினில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக்கொள்ளச் சொன்னார். உள்ளே ஒரு ஊரே இருந்தது. டேப்பட் சத்தம் வேறு, டைமிங் செயின் சத்தம் வேறு, பிக் எண்ட் பேரிங் தேய்ந்த சத்தம் வேறு. "சத்தம் வர்றதை மட்டும் கேக்காதடா, வர வேண்டிய எடத்துல வரலேன்னா அதையும் கேளு" என்பார் மேஸ்திரி. நாலு சிலிண்டரில் ஒன்று மிஸ் அடித்தால் அந்த இடைவெளி காதில் தட்ட வேண்டும் என்பது அவர் பாடம். அந்தப் பாடத்தை வண்டிக்கு மட்டும் வைத்துக்கொண்டது என் தவறு.

தொழிலில் இன்னொரு வேலையும் எங்களிடம் வரும். விபத்து நடந்த வண்டியைக் கட்டி இழுத்து வந்து, "பிரேக் பெயிலியரா, ஸ்டியரிங் லாக்கா, பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். எல்லா டிரைவரும் வண்டி மேல்தான் பழியைச் சொல்வார், எல்லா ஓனரும் டிரைவர் மேல்தான் சந்தேகப்படுவார். நடுவில் நாங்கள்.

1997இல் ஒரு மெட்டடோர் வேன் வந்தது. அதிகாலை நாலு மணிக்கு, காலி ரோட்டில், நேராகப் போய்ப் புளிய மரத்தில் மோதியிருந்தது. எதிரே வண்டி இல்லை, மழை இல்லை, வளைவும் லேசான வளைவுதான். நான் சம்பவ இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். தார் ரோட்டில் டயர் தேய்ந்த தடம் ஒரு முழம்கூட இல்லை. பிரேக்கைத் தொடவே இல்லை என்று அர்த்தம். பட்டறைக்கு வந்து மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தேன். வாஷர் நன்றாக இருந்தது. நாலு வீலையும் கழற்றினேன், ஷூ தேய்மானம் சரி, வீல் சிலிண்டரில் கசிவு இல்லை. டை ராடு எண்டு, ஸ்டியரிங் பாக்ஸ், கிங் பின், எல்லாம் பார்த்தேன். மோதியதில் வளைந்தவை தவிர வேறு எதுவும் இல்லை. "வண்டியில் குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

டிரைவருக்குக் காலில் கட்டு. என் பட்டறை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குட்டையான, தடித்த கழுத்துள்ள மனிதர், முப்பத்தைந்து வயது இருக்கலாம். "குடிச்சிருந்தியா?" என்று ஓனர் கேட்டார். "சாமி சத்தியமா இல்லீங்" என்றார். "அப்ப தூங்கிட்டே." "இல்லீங்க, நான் தூங்குலீங்க. ரோட்டைப் பாத்துட்டேதானுங்க இருந்தேன். மரம் எப்படி வந்துச்சுன்னே தெரியலீங்க." ஓனர் என் சீட்டைக் காட்டி அவரை அன்றைக்கே நிறுத்திவிட்டார். வேலை போன பிறகும் அந்த மனிதர் எழுந்து போகவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், அதே ஸ்டூலில், சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பெரிய துக்கத்தில் ஒரு மனிதனுக்கு எப்படித் தூக்கம் வரும் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

நான் எழுதிக் கொடுத்தது உண்மைதான். ஒரு எழுத்து பொய்யில்லை. ஆனால் குறை வண்டியில் இல்லையென்றால் எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை. அது என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் 25 வருடம் கழித்து வால்பாறையில் கிடைத்தது.

2022இல் ஒரு சனிக்கிழமை நாங்கள் நால்வரும் நாலு பழைய வண்டிகளில் கிளம்பினோம். பொள்ளாச்சி, ஆழியார், அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியார் அணை கீழே தெரிகிற ஒன்பதாவது வளைவில் எல்லாரும் நிறுத்துவது வழக்கம், பாறையில் வரையாடு நின்றால் பார்க்கலாம். அன்றைக்கு லாரிக்காரரின் ராஜ்தூத் அந்த ஒன்பதை எட்டுவதற்கே திணறியது. முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் இழுக்கவில்லை. "வயசாயிருச்சுங்ண்ணா அதுக்கு, என்னையாட்டம்" என்றார்.

வயதில்லை. அது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயில் கலந்து எரிகிறது. எரியாத ஆயில் கரியாகி எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் சைலன்சருக்குள்ளும் படியும். கொஞ்சம் கொஞ்சமாகப் படிவதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. நேற்றைக்கு இன்று ஒரு இம்மி குறைந்திருக்கும், அவ்வளவுதான். இழுவை குறையக் குறைய ஆக்ஸிலேட்டரை அதிகமாக முறுக்கிப் பழகிவிடுவார். வளைவு ஓரத்தில் வண்டியை நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து, சைலன்சரின் பின்மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் பேஃபிளை உருவினேன். துளைகளில் பாதிக்கு மேல் கரி அடைத்துக் கிடந்தது. கம்பியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி, கல்லில் தட்டி, திரும்ப மாட்டினேன். முக்கால் மணி நேர வேலை. அதற்கப்புறம் மீதி 31 வளைவையும் அந்த வண்டி எங்களுக்கு முன்னால் ஏறியது.

வால்பாறையில் ஒரே பெரிய அறை எடுத்தோம். சிறுத்தை நடமாட்டம் உள்ள ஊர், இருட்டிய பிறகு யாரும் வெளியே சுற்ற மாட்டார்கள். ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டோம். பட்டறைச் சத்தத்தில் லாரிக்காரரின் குறட்டையைக் கேட்டிருக்கிறேனே தவிர, இப்படி ஒரு மலை அமைதியில் கேட்டதில்லை.

குறட்டை ஏறியது, ஏறியது, ஒரு உச்சிக்குப் போய் நின்றது. சரி, புரண்டு படுத்துவிட்டார் என்று நினைத்தேன். படுக்கவில்லை. மல்லாந்துதான் கிடந்தார். அறையில் மற்ற இருவரின் மூச்சு கேட்டது, அவருடையது கேட்கவில்லை. மேஸ்திரி சொன்ன இடைவெளி அது. எழுந்து அவர் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறேன், வயிறும் மார்பும் துள்ளுகின்றன, முயற்சி நடக்கிறது, மூக்குக்கு முன்னால் புறங்கையை வைத்தால் காற்று வரவில்லை. எழுப்பலாம் என்று கை நீட்டினேன். அதற்குள் தண்ணீரில் மூழ்கியவன் மேலே வந்தது மாதிரி ஒரு பெரிய இழுப்பு, உடம்பே தூக்கிப் போட்டது, மறுபடி குறட்டை. அவர் விழிக்கவே இல்லை.

கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். 22 விநாடி. அடுத்தது 31. அடுத்தது 27. ஒருமுறை 44 வரை போனது. மூச்சு திரும்பும்வரை என் மூச்சும் நின்றது. ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

காலையில் வாசலில் டீ குடிக்கும்போது சொன்னேன்.

"தம்பி, ராத்திரி உனக்கு மூச்சு நிக்குது."

"அட, குறட்டைங்ண்ணா அது. எங்கப்பாவுக்கும் உண்டு. நல்ல தூக்கம்."

"நல்ல தூக்கம்னா நேத்து ஆழியார்ல சாப்பாட்டுத் தட்டு முன்னாடி ஏன் தூங்கினே?"

அவர் கொஞ்ச நேரம் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "ஓசூர் பக்கம் ரெண்டு தடவை தப்பிச்சேனுங்ண்ணா. வீட்டுல சொல்லல. டோல்கேட் எப்ப தாண்டுனேன்னே தெரியாம தாண்டியிருக்கேன்." ராத்திரி நாலு தடவை சிறுநீருக்கு எழுந்திருப்பதையும், காலையில் தலை கனப்பதையும், பிரஷர் மாத்திரை இரண்டாகியும் பிரஷர் இறங்காததையும் அன்றைக்குத்தான் சொன்னார். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்தார். வண்டியிலும் அப்படித்தான் கொண்டுவருவார்கள். மைலேஜ் இல்லை, சூடாகிறது, இழுக்கவில்லை என்று மூன்று குறை சொல்வார்கள், அடைப்பு ஒன்றாகத்தான் இருக்கும்.

மருத்துவமனைக்குக் கூட்டிப் போக ஒரு மாதம் பிடித்தது. டாக்டர் முதலில் டேப் எடுத்துக் கழுத்தை அளந்தார். வாயைத் திறக்கச் சொல்லி உள்நாக்கைப் பார்த்தார். பிறகு எட்டுக் கேள்வி உள்ள ஒரு தாள். உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியம் படுக்கும்போது, சிக்னலில் வண்டி நிற்கும்போது கண் அசருமா என்று ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை மார்க் போட வேண்டும். 24க்கு 10க்கு மேல் போனால் கவனிக்க வேண்டியது. இவர் 19.

ஸ்லீப் ஸ்டடி ஒரு ராத்திரி முழுக்க. துணைக்கு நான் போனேன். டெக்னீஷியன் ஒரு பையன், வயரிங் வேலையை அவ்வளவு நேர்த்தியாகச் செய்தான். தலையில் மூளை அலைக்கு, கண் ஓரத்தில், தாடையில், காலில், மார்பில் ஈசிஜிக்கு, மார்புக்கும் வயிற்றுக்கும் பெல்ட், மூக்கில் காற்றோட்டம் பார்க்கும் குழாய், விரலில் ஆக்ஸிஜன் கிளிப். நான் கேட்டதால் பக்கத்து அறையில் கம்ப்யூட்டரைக் காட்டினான். மூக்குக்காற்றின் கோடு தட்டையாகப் போகிறது, கீழே பெல்ட்டுகளின் கோடுகள் மட்டும் மேலும் கீழும் ஆடுகின்றன. "பாருங்க அங்கிள், மூச்சு விட ட்ரை பண்றார், தொண்டை ஒட்டிக்கிச்சு" என்றான். எனக்கு அது உடனே புரிந்தது. பிஸ்டன் ஏறி இறங்குகிறது, இன்லெட் மூடிக் கிடக்கிறது.

தூங்கும்போது உடம்புத் தசையெல்லாம் தளரும். தொண்டைத் தசையும் தளரும். சிலருக்கு நாக்கு பின்னால் சரிந்து, தொண்டைச் சுவர் ஒட்டி, காற்றுப் பாதை மூடிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பயந்து ஒரு கணம் எழுப்பிவிடும், தசை இறுகும், பாதை திறக்கும், மறுபடி தூங்கிவிடுவார். பத்து விநாடிக்கு மேல் நின்றால் அதை ஒரு முறை என்று கணக்கு வைக்கிறார்கள். மூச்சு முழுதாக நிற்காமல் குறைந்து போவதையும் சேர்த்து, மணிக்கு ஐந்துக்குள் இருந்தால் பரவாயில்லை, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. லாரிக்காரருக்கு 54. ஆறு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு ராத்திரியில் 300 தடவைக்கு மேல். ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் இல்லை. ஆக்ஸிஜன் 71 வரை இறங்கியிருந்தது. எட்டு மணி நேரம் படுத்து எழுந்த மனிதர் உண்மையில் தூங்கவே இல்லை. அவரைத்தான் நாங்கள் கும்பகர்ணன் என்றோம்.

இதற்கு மருந்து மாத்திரை என்று அப்போது பெரிதாக இல்லை, காற்றுதான். ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த காலின் சல்லிவன் என்ற டாக்டர் கண்டுபிடித்தது. அதுவரை கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பதுதான் வழி. அவர் வேக்குவம் கிளீனர் மோட்டாரை எடுத்து, அது உறிஞ்சுகிற பக்கத்தை விட்டு ஊதுகிற பக்கத்தை மூக்கோடு இணைத்து, அந்தக் காற்றழுத்தத்தாலேயே தொண்டையைத் திறந்து நிறுத்தலாம் என்று காட்டினார். அதை மருத்துவ இதழில் எழுதியது 1981இல். நான் ஸ்பேனர் கழுவிக்கொண்டிருந்த வருடம். டாக்டர் இதைச் சொன்னபோது, அந்த மனிதரை ஒரு மேஸ்திரியாக நினைத்து மனதுக்குள் கும்பிட்டேன்.

சீபேப் என்று அந்த மெஷினுக்குப் பெயர். இவருக்கு 11 என்று அழுத்தம் வைத்தார்கள். 11 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம். எங்கள் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். புல்லட்டின் பின் டயருக்கு 28 பவுண்டு காற்றுப் பிடிக்கிறோம். இது அரைக்கால் பவுண்டுக்குச் சற்றே கூடுதல். ஒரு மனிதனுக்கும் அவன் உயிருக்கும் நடுவே நிற்பது அவ்வளவு சின்ன அழுத்தம்தான்.

முதல் வாரம் அவர் மெஷினைத் தூக்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். காற்று கசிகிறது, கண்ணில் அடிக்கிறது, வாய் காய்கிறது. போய்ப் பார்த்தேன். அவருக்கு அடர்த்தியான முறுக்கு மீசை. மாஸ்க்கின் ரப்பர் ஓரம் மீசை மேல் உட்காரவில்லை. கேஸ்கட்டுக்கு அடியில் தூசி இருந்தால் எந்த ஹெட்டும் கசியத்தான் செய்யும். மீசையை எடுக்க மாட்டேன் என்றார், அதுவும் நியாயம்தான். திரும்பப் போய் டெக்னீஷியனிடம் சொன்னதும், மூக்குத் துளையில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க் ஒன்றைக் கொடுத்தான். மெஷினில் ஈரப்பதத்துக்குத் தண்ணீர் ஊற்றும் தொட்டி இருக்கிறது, அதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். பட்டறையில் பேட்டரிக்கு வைத்திருந்த கேனை எடுத்துக் கொடுக்கப் போனேன். "அது வேண்டாம் அங்கிள், பார்மஸியிலயே வாங்குங்க" என்றான். மாஸ்க் பிடிக்கவில்லை என்று மெஷினை மூலையில் போட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னான். மாஸ்க்கை மாற்றிப் பாருங்கள், சைஸை மாற்றிப் பாருங்கள். ஒரு கேஸ்கட் சரியில்லை என்று யாரும் இன்ஜினைத் தூக்கி எறிவதில்லை.

அவர் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கே வந்தார். "மொத நாளு சத்தமே இல்லீங்ண்ணா. பயந்துபோயி நெஞ்சுல கை வெச்சுப் பாத்தேன். அப்பறம் நானும் தூங்கிட்டேன். பதினெட்டு வருசத்துல அன்னிக்குத்தானுங்க விடிய விடியத் தூங்கினேன்" என்றார்.

லாரியில் என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். ஒரு ராத்திரி விட்டாலும் பழைய கதை. அது என் வேலை. லாரியில் 24 வோல்ட் பேட்டரி. மெஷினுக்குக் கம்பெனி விற்கிற டிசி அடாப்டரையே வாங்கி, பேட்டரியிலிருந்து தனி லைன் இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு, படுக்கைக்கு மேலே ஒரு சாக்கெட் வைத்துக் கொடுத்தேன். தண்ணீர்த் தொட்டியின் ஹீட்டர் கரண்டை நிறைய இழுக்கும், லாரியில் அதை மட்டும் அணைத்துவிட வேண்டும். நாற்பது வருடத் தொழிலில் நான் இழுத்த வயர்களில் எனக்கு அதிக நிம்மதி கொடுத்தது அந்த ஒன்பது அடி வயர்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் டீயை முழுசாகக் குடிக்கிறார். ரேடியோ அண்ணன் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வயர் பிடிக்கிறார். பிரஷர் மாத்திரையை டாக்டர் ஒன்றாகக் குறைத்திருக்கிறார். அவரைப் பார்த்து வாத்தியாரும் டெஸ்ட் எடுத்துக்கொண்டார். ஒல்லியான மனிதர், குறட்டைகூடப் பெரிதாக இல்லை. அவருக்கு மணிக்கு 18 வந்தது. உள்வாங்கின சின்னத் தாடை, அதனால் பாதை பிறவியிலேயே குறுகல் என்றார் டாக்டர். குண்டானவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அதுவும் போனது.

எனக்கு அந்த மெட்டடோர் டிரைவர் முகம் போகவில்லை. தடித்த கழுத்து, அதிகாலை நாலு மணி, காலி ரோடு, பிரேக் தடம் இல்லை, "நான் தூங்குலீங்க" என்ற சத்தியம், அரை மணியில் ஸ்டூலில் குறட்டை. எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தது. அவருக்கு இந்த நோய் இருந்தது என்று இன்றைக்கு நான் நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். தூக்கம் பாக்கி விழுந்த மூளை சில விநாடி தானாகவே அணைந்துவிடும், கண் திறந்திருந்தாலும் அணையும், அணைந்தது அவனுக்கே தெரியாது என்று டாக்டர் சொன்னார். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி மூன்று விநாடியில் 50 மீட்டர் போய்விடும். பழைய முகவரியைத் தேடிப் போனேன். அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும்போது 25 மீட்டர் தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று கேட்கிறார்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்று கேட்கிறார்கள். குறட்டை விடுவாயா, பகலில் தூக்கம் வருமா என்று கேட்பதில்லை. வண்டிக்கு எஃப்சி எடுக்க நாங்கள் பிரேக்கிலிருந்து ரிஃப்ளெக்டர் வரை பார்த்துக் கொடுக்கிறோம். அதை ஓட்டுகிறவனின் ராத்திரியை யாரும் பார்ப்பதில்லை. டிராவல்ஸ் வைத்திருப்பவர்கள், லாரி வைத்திருப்பவர்கள், பள்ளிக்கூட வேன் விடுபவர்கள் இதைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வேலையை விட்டு நிறுத்துவதற்கு இல்லை, அப்படி நிறுத்தினால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ஒரு செட் லாரி டயர் விலைக்குள் மெஷின் வந்துவிடும். போட்டுக்கொண்டு தூங்கினால் அதே டிரைவர் இன்னும் இருபது வருடம் ஓட்டுவார்.

உங்கள் வீட்டில் யாராவது குறட்டை விட்டு, நடுவில் சத்தம் நின்றால், நிம்மதி என்று திரும்பிப் படுக்காதீர்கள். எழுந்து உட்கார்ந்து விநாடியை எண்ணுங்கள். பத்தைத் தாண்டினால், போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்து, அதை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் கேட்க வையுங்கள்.